மார்ச்சில் பியாஸ் குண்டம் போகலாமா? பனிச்சரிவு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாளை நடையன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அஞ்சு பேர், எல்லாரும் பாளையங்கோட்டை. வனத்துறை அனுமதி கிடைக்கிறப்பெல்லாம் பொதிகைப் பக்கம் நடக்கிற கூட்டம். அட்டைக்கடி, சாரல், வழுக்குப் பாறை எல்லாம் பழக்கம்தான். பனியில மட்டும் யாரும் கால் வச்சதில்லை.

மார்ச் முதல் வாரம் திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டெல்லி போயி, அங்கிருந்து பஸ்ல மணாலி. அப்புறம் சோலாங், துந்தி, பகர்தாச் வழியா பியாஸ் குண்டம்கிற மலை ஏரி. சுமார் 3,700 மீட்டர் உயரம். ஜி.பி.எஸ். பாதை கையில இருக்கு, வழிகாட்டி எதுக்குன்னு பசங்க சொல்றாங்க. வீட்டுல பனிச்சரிவைப் பத்திக் கேக்காங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. பெரிய சிகரம் ஏறுறவங்களுக்குத்தானே அந்தப் பயம்? நாங்க ஆத்தங்கரையோரமாத்தான் போறோம். அந்த வாரம் முழுக்க வெயில்னு செல்போன் காட்டினா கிளம்பிரலாமா?

அம்பை படைவீரர்:

தம்பி, கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டீங்க, சந்தோஷம். வடக்க பனியில வேலை பாத்தவன் நான். அதனால நேராவே சொல்லுதேன். மார்ச் மாசம், வழிகாட்டி இல்லாம, அந்தப் பள்ளத்தாக்கு வேண்டாம்.

பனிச்சரிவு மேல கிளம்பும், சரிதான். ஆனா அது வந்து நிக்கிற இடம் கீழ, நீங்க நடக்கிற அதே ஆத்தங்கரை. துந்தியில நின்னு ரெண்டு பக்கமும் நிமிந்து பாத்தீங்கன்னா மலை எப்படி நிக்குன்னு தெரியும். அடல் சாலைச் சுரங்கத்தோட தெற்கு வாசல் அங்கதான் இருக்கு. பக்கத்துச் சாலைக்கே பனிச்சரிவுத் தடுப்பு வேலை செய்ய வேண்டியிருந்துச்சு.

2025 பிப்ரவரி 28 அன்னைக்கு உத்தராகண்ட்ல மானா கிராமத்துக்கிட்ட எல்லைச் சாலைப் பணியாளர் முகாம் மேல சரிவு வந்துச்சு. அவங்க யாரும் சிகரம் ஏறப் போகல, தங்கியிருந்த இடத்துலயே சிக்கினாங்க. 54 பேர்ல 8 பேர் போயிட்டாங்க. மத்தவங்க பிழைச்சதுக்கு அவங்க இருந்த இரும்புக் கண்டெய்னர் ஒரு காரணம். உங்க கூடாரத் துணி அந்த அடியைத் தாங்குமா? 2023 ஏப்ரல் 4ல சிக்கிம்ல நாதுலா சாலையில 7 பேர் இறந்தாங்க, அவங்க வண்டியில சுத்திப் பாக்கப் போன பயணிகள். அனுமதி 13ஆம் மைல் வரைக்கும், சரிவு விழுந்தது 15ஆம் மைல் பக்கம். மாசத்தையும் கவனிங்க, ஏப்ரல்.

வெயில் அடிச்சாப் போதுமான்னு கேட்டீங்க. போதாது. அதை நம்ம சேர்மாதேவி டீச்சர் என்னைவிட நல்லா விளக்குவாங்க.

வண்ணாரப்பேட்டை ரைடர்:

அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கான பேர் இமயமலைப் பனியில நடக்காங்க, திரும்பியும் வாராங்க. எந்த வீடியோவைப் பாத்தாலும் முன்னாடி போனவங்க தடம் தெளிவாக் கிடக்கு. அத்தனை பேரைத் தாங்கின பனி நம்ம அஞ்சு பேரைத் தாங்காதா? நாலுவழிச் சாலையில ராத்திரி பைக் ஓட்டுறதைவிடவா இது ஆபத்து? இப்படிப் பயமுறுத்தினா நம்ம ஊர்ப் பசங்க எங்கயும் போகமாட்டாங்க. அவங்க மலை பாக்கணும்னுதான் நான் சொல்லுதேன்.

சேர்மாதேவி இயற்பியல் டீச்சர்:

ரைடர் தம்பி கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். நன்றாகப் படித்தவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

மலைப்பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. நவம்பரில் விழுந்தது அடியில், ஜனவரியில் விழுந்தது நடுவில், நேற்று விழுந்தது மேலே. விழுந்த பிறகும் ஒவ்வோர் அடுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே நிற்கும். மேற்பரப்போ மேகமில்லாத இரவில் கடுமையாகக் குளிர்ந்துவிடும். பனி அரை மீட்டர், மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 30 டிகிரி என்ற வீதத்தில் வெப்பநிலை மாறுகிறது. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே போதும், பனித்துகள்களுக்கு இடையே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, அடியில் உள்ளவற்றைக் கூர்விளிம்புள்ள பெரிய படிகங்களாக மாற்றிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் உதிரும். பனி குறைவாகவும் வானம் தெளிவாகவும் இருந்த ஒரு டிசம்பர், மார்ச்சில் வரப்போகும் ஆபத்தை அப்போதே அடியில் போட்டு வைத்துவிடுகிறது. அதனால்தான் பயண வாரத்து வெயிலை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

பிறகு மேற்கத்திய இடையூறுகள், அதாவது மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைமேகக் கூட்டங்கள் வந்து, நாள்கணக்கில் பனி கொட்டும். அது இறுகி, உதிரி அடுக்கின் மேல் ஒரு பலகையாக உட்காரும். அந்தப் பலகையில் ஒருவர் கால் வைக்கும்போது அடியிலுள்ள அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பரவும். பலகை மொத்தமாக நகரும். நடுவில் நிற்பவருக்கு ஓட இடம் இருக்காது. உலர்ந்த பலகைச் சரிவு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். மலையில் நடப்பவர்களும் சறுக்குபவர்களும் சிக்கும் விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில் பலகையை உடைத்தது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான்.

இனி, காலடித் தடம். பலகை தடித்த இடத்தில் பத்துப் பேர் நடந்தாலும் அவர்கள் எடை அடியடுக்கு வரை இறங்காது. பதினோராவது ஆள் பாறை ஓரமாக, பலகை மெலிந்த இடத்தில் காலை வைப்பார். அங்கே உடையும். பத்துப் பேர் தப்பிப் போனார்கள் என்பதற்கு மேல் தடம் எதையும் சொல்வதில்லை. முந்தாநாள் தடம் என்றால் அது முந்தாநாள் பனிக்கு.

ஆனால் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. பலகை வழுக்குவதற்கு மலை சாய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில்தான் கிளம்புகின்றன, 38ஐ ஒட்டி மிக அதிகம். பனிக்குள் என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. மலையின் சாய்வை அளந்துவிடலாம். 30க்குக் குறைந்த இடமாக, தலைக்கு மேலே செங்குத்து இல்லாத இடமாகப் பார்த்து நடப்பவருக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், மற்றதெல்லாம் பிறகு.

பாளை நடையன்:

டீச்சர், ரொம்ப நன்றி. சரிவை எப்படி அளக்கிறது? எவ்வளவு புதுப்பனி விழுந்தா உஷாராகணும்? எங்களுக்கு மழை சென்டிமீட்டர்தான் தெரியும்.

சேர்மாதேவி இயற்பியல் டீச்சர்:

வீட்டிலிருந்தே பாதி வேலை முடியும். சமஉயரக் கோட்டு வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டுவது அது. கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் 40 மீட்டராக உள்ள 1:50,000 தாளில், அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் அது 30 பாகை. அதைவிட நெருங்கினால் செங்குத்து கூடுகிறது. பாதைக்கு மேலே உள்ள மலையையும் இப்படிப் பாருங்கள், பாதையை மட்டும் பார்த்தால் போதாது. சின்னச் செங்குத்துகள் வரைபடத்தில் விழாது. அதற்குக் களத்தில், கைத்தடியைச் சரிவின் மேல் படுக்க வைத்து அதன் மீது செல்போனை வைத்தால் அதிலுள்ள சாய்வுமானி சொல்லிவிடும். கண்ணளவை நம்பாதீர்கள்.

பனிக்கும் மழைக்கணக்கே உதவும். 1 செ.மீ. மழைநீர் ஏறத்தாழ 10 செ.மீ. புதுப்பனி. நம் ஊரில் 3 செ.மீ. மழை பெய்தால் யாரும் கவலைப்படமாட்டோம். மலையில் அது 30 செ.மீ. பனி, சதுர மீட்டருக்கு 30 கிலோ கூடுதல் சுமை. ஒரே நாளில் அவ்வளவு விழுந்தால் விவரம் தெரிந்தவர்கள் செங்குத்துப் பக்கமே போகமாட்டார்கள். வேகமும் முக்கியம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியதைப் பார்த்தவர்கள் நாம். அதே மழை ஒரு மாதத்தில் பெய்திருந்தால் குளம் உடைந்திருக்காது. பனியடுக்கும் மெல்ல ஏறும் சுமைக்குப் பழகிக்கொள்ளும், ஒரே இரவில் ஏறினால் பழக நேரம் கிடைப்பதில்லை.

அம்பை படைவீரர்:

டீச்சர் சொன்னதோட காத்தையும் சேத்துக்கிடுங்க. இட்டமொழி, சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டைப் பாத்தவங்களுக்கு இது லேசாப் புரியும். ஆடிக்காத்து ஒரு பக்கத்து மணலை வாரிக்கொண்டு போயி மேட்டுக்கு மறுபக்கம் கொட்டும். காத்து முட்டுற பக்கம் இறுகிக் கிடக்கும், மறைவுப் பக்கம் குவிஞ்சு செங்குத்தா நிக்கும். பனியும் இப்படித்தான். வானத்துல இருந்து ஒண்ணுமே விழாம, வெறுங்காத்தே ஒரு ராத்திரியில மறைவுச் சரிவுல பலகை கட்டிரும். முகட்டுல பனி பறக்கிறதைக் கீழ இருந்தே பாக்கலாம். எந்தப் பக்கம் போயி விழுதோ அந்தப் பக்கச் சரிவு வேண்டாம். முகட்டு விளிம்புல பனி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு மேலயும் போகக் கூடாது, கீழயும் நிக்கக் கூடாது.

இன்னொண்ணு, மலை சில நேரம் வாய்விட்டே சொல்லிரும். கால் வச்சதும் அடியில 'வொம்ப்'னு அமுங்கின சத்தம். பாதத்துல இருந்து பனியில விரிசல் ஓடுறது. எதிர் மலையில புதுசா விழுந்து கிடக்கிற பனிச்சரிவு. மத்தியான வெயில்ல பனி நனைஞ்சு உருண்டை உருண்டையா இறங்குறது. இதுல ஒண்ணைப் பாத்தாலும் வந்த வழியே திரும்பிரணும். இன்னும் கொஞ்ச தூரந்தானேன்னு பேசிக்கிட்டு நிக்கக் கூடாது.

ஹைகிரவுண்ட் சிஸ்டர்:

ஆஸ்பத்திரிப் பக்கத்துல இருந்து நான் கொஞ்சம் சொல்றேன். பனியில புதைஞ்சவங்க குளிர்ல சாகறதா நிறைய பேர் நினைக்காங்க. பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகறாங்க. நாலுல ஒருத்தர் அளவுக்கு, உருண்டு வரும்போது பாறையிலயும் மரத்துலயும் மோதின அடியில போயிடுறாங்க.

1990கள்ல சுவிட்சர்லாந்துல எடுத்த கணக்குப்படி, 15 நிமிஷத்துக்குள்ள வெளிய எடுத்தவங்கள்ல 10க்கு 9 பேர் பிழைச்சாங்க. 35 நிமிஷம் ஆனதும் அது 3 பேர். புதுக் கணக்கு அந்த நல்ல நேரமே 10 நிமிஷம்தான்னு சொல்லுது. மணாலியில இருந்து மீட்புப் படை வர்றதுக்கு இந்த நேரத்துல இடமே இல்லை. கூட நிக்கிறவங்கதான் எடுக்கணும். ஓடி நின்ன பனி உடனே இறுகிரும், ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ இருக்கும். வெறுங்கையால தோண்ட முடியாது.

தோண்டினா முகத்தை நோக்கித் தோண்டுங்க. வாய், மூக்குல அடைச்ச பனியை எடுங்க. மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வச்சு 5 தடவை ஊதுங்க, அப்புறம் நெஞ்சு அமுக்குங்க. மூச்சு முட்டினவங்களுக்கு நெஞ்சு அமுக்குறது மட்டும் போதாது. ரொம்ப நேரம் புதைஞ்சிருந்தாலும், வாய் மூக்கு அடைபடாம உடம்பு மட்டும் சில்லிட்டிருந்தா கைவிடாதீங்க. சூடேத்திப் பாத்த பிறகுதான் டாக்டர்களே முடிவு சொல்வாங்க.

தயவுசெஞ்சு அஞ்சு பேரும் இதைப் படிங்க. ஒருத்தர் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அவரே புதைஞ்சிட்டா என்ன செய்வீங்க?

வண்ணாரப்பேட்டை ரைடர்:

தடம் விஷயத்துல டீச்சர் சொன்னதை ஏத்துக்கிடுதேன், நான் அப்படி யோசிச்சதில்லை. ஆனா மலைக்கே போகாதேன்னு முடிக்கக் கூடாதுன்னு இப்பவும் சொல்லுதேன். பீக்கன்னு ஒரு கருவி இருக்காமே, அதை ஆளுக்கு ஒண்ணு கட்டிக்கிட்டுப் போனா? அப்புறம், அரசாங்க எச்சரிக்கை எங்க வருது?

அம்பை படைவீரர்:

போகவேண்டாம்னு நானும் சொல்லல தம்பி. தெரிஞ்சு போகணும்.

பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில துடிச்சுக்கிட்டே இருக்கும். ஒருத்தர் புதைஞ்சா மத்தவங்க கருவியைத் தேடுற நிலைக்கு மாத்திப் பக்கத்துல போகலாம். அதுக்கு அப்புறம் நீளக் கம்பியால குத்திப் பாத்து இடத்தை உறுதி பண்ணணும், மண்வெட்டியால கீழ்ப்பக்கத்துல இருந்து குடைஞ்சு எடுக்கணும். மூணும் ஆளாளுக்கு இருக்கணும், கூட்டத்துக்கு ஒண்ணுன்னா பிரயோஜனம் இல்லை. செல்போன் பீக்கனைக் குழப்பும். நடக்கும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வைக்கணும், இல்லைன்னா அணைச்சிரணும். இதெல்லாம் கை தானாச் செய்யுற அளவுக்குப் பழகினாத்தான் 10 நிமிஷத்துல முடியும். அப்பவும் அது பனிச்சரிவைத் தடுக்காது. 2022 அக்டோபர் 4ல திரௌபதி கா டண்டா மலையில உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தோட பயிற்சிக் குழு சிக்கினப்போ 25க்கு மேற்பட்டவங்க இறந்தாங்க. அதுல பயிற்றுநர்களும் உண்டு.

2016 பிப்ரவரி 3ல சியாச்சின் சோனம் சாவடி மேல விழுந்த பனிச்சரிவை நம்மாளுக மறக்கமாட்டாங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியன் வீரர்கள் 10 பேர் புதைஞ்சாங்க, அதுல நாலு பேர் தமிழ்நாடு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாளைக்கு அப்புறம் உயிரோட கிடைச்சார், பிப்ரவரி 11ல டெல்லியில இறந்துட்டார். பயிற்சி, சாமான், ஒழுக்கம் எல்லாம் இருந்த இடம் அது. அவங்க கடமைக்காக அங்க நின்னாங்க. நமக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, நாம தாராளமா ஒதுங்கிப் போகலாம்.

எச்சரிக்கையைச் சண்டிகர்ல இருக்கிற டி.ஜி.ஆர்.இ. குடுக்கு, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையோட நிறுவனம். முன்னாடி மணாலியில இருந்த பனி ஆய்வு நிலையம் 2020ல இதோட சேந்துட்டு. ஆபத்து அளவு 1 முதல் 5 வரை. 3ன்னா நடுவுல இருக்கு, பரவாயில்லைன்னு நெனைச்சிராதீங்க. உலகம் பூரா நிறையச் சாவு நடக்கிறது 3லதான். 5 அன்னைக்கு யாரும் வெளிய வரமாட்டாங்க, 3 அன்னைக்குத்தான் கிளம்பிப் போறாங்க. எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கே பொதுவா வரும். உங்க முன்னால நிக்கிற சரிவை நீங்கதான் பாக்கணும்.

சாட்டிலைட் போன் கொண்டுபோகலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. அனுமதியில்லாம நம்ம நாட்டுல அதை வச்சிருந்தா வழக்கு வரும்.

கல்லிடைக்குறிச்சி அம்மா:

உங்க எல்லார் பதிவையும் படிச்சேன். என் மகன் ஜனவரியில பனி மலைக்கு ஒரு நிறுவனத்து மூலமாப் போறான். பணம் கட்டியாச்சு. அவங்க கூட்டிட்டுப் போறாங்க, கவலைப்படாதன்னு சொல்றான். அவங்ககிட்ட என்ன கேக்கணும்னுகூட எனக்குத் தெரியல. சொல்லித் தாங்கய்யா.

சேர்மாதேவி இயற்பியல் டீச்சர்:

அம்மா, நீங்கள் கேட்பது முழு நியாயம். மகனை வைத்தே கேட்கச் சொல்லுங்கள். பாதையில் மிகச் செங்குத்தான இடம் எது, அதன் கீழே எவ்வளவு நேரம் நடப்பார்கள்? இரவுத் தங்கல் எங்கே, அதற்கு மேலே சரிவு இருக்கிறதா? பனி அதிகமாகக் கொட்டினால் திரும்பிவிடும் அதிகாரம் வழிகாட்டியிடமே இருக்கிறதா, அல்லது அலுவலகத்தைக் கேட்கவேண்டுமா? திரும்பினால் பணம் என்னவாகும்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள். உச்சி தொடாவிட்டால் வாடிக்கையாளர் சண்டை போடுவார் என்ற பயம் இருக்கும் இடத்தில் வழிகாட்டி தயங்குவார். தெளிவாகப் பதில் சொல்பவர்களை நம்பலாம். அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை.

தூத்துக்குடி கடலோரம்:

கடல்காரன் ஒரு சேதி சொல்றேன். 2014 அக்டோபர் 12ல ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்துல கரை கடந்துச்சு. அதோட மிச்சம் வடக்க போயி, ரெண்டு நாள் கழிச்சு நேபாளத்துல அன்னபூர்ணா பக்கம் பனியாக் கொட்டுச்சு. தொராங் லா கணவாய்ப் பகுதியில பனிப்புயல்லயும் சரிவுலயும் 40 பேருக்கு மேல இறந்தாங்க. அக்டோபர் அங்க மலையேற நல்ல காலம்னு பேர். வங்கக்கடல்ல புயல் சின்னம் உருவானா மீன்பிடிக்கப் போறவங்க மட்டும் பாத்தாப் போதாது, இமயமலைக்கு டிக்கெட் போட்டவங்களும் பாக்கணும்.

பாளை நடையன்:

அஞ்சு பேரும் உக்காந்து பேசினோம். பியாஸ் குண்டத்தை ஜூனுக்குத் தள்ளிட்டோம். மார்ச் டிக்கெட்டை ரத்து பண்ணல. மணாலியில உள்ளூர் வழிகாட்டி ஒருத்தரைச் சேத்துக்கிட்டு, 25 பாகைக்குள்ள இருக்கிற காட்டு மேட்டுல பகல்ல மட்டும் நடக்கப் போறோம், மேல செங்குத்து இல்லாத இடமா. பீக்கன் தேடிப் பழகுறதையும் அவர்கிட்டயே கேட்டிருக்கோம். கிளம்புறதுக்கு முன்னாடி மூணு நாள்ல 30 செ.மீ. பனி விழுந்திருந்தா ஊரைச் சுத்திட்டு வந்திருவோம். ரைடர் அண்ணனும் வாறேன்னு சொல்லியிருக்காரு. வேற எதையாவது விட்டுட்டோமா?

அம்பை படைவீரர்:

நல்ல ஏற்பாடு. மூணு சேதி மட்டும். மார்ச்ல வெயில் படுற தெற்குச் சரிவு காலையில இறுகியிருக்கும், மத்தியானம் நனைஞ்சு இறங்கும். அதனால விடியக்கருக்கல்ல கிளம்பி மத்தியானத்துக்குள்ள முடிச்சிருங்க. சந்தேகமான இடம் வந்தா வழிகாட்டி சொல்லுத மாதிரி ஒவ்வொருத்தராத் தாண்டுங்க. மத்தவங்க பத்திரமான இடத்துல நின்னு, தாண்டுறவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கைத்தடி வாரை மணிக்கட்டுல மாட்டாதீங்க.

ஜூன்லயும் ஓடைகளுக்கு மேல பனிப்பாலம் மிஞ்சியிருக்கும், அடியில தண்ணி அரிச்சு மெலிஞ்சு கிடக்கும். காலையிலயே தாண்டிருங்க. பகர்தாச்சுல கூடாரம் எங்க போடப் போறீங்கன்னு வரைபடத்துல குறிச்சு இங்க போடுங்க. டீச்சரும் நானும் பாத்துச் சொல்லுதோம்.